‘யாரையும் நம்பாதே’ வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு சர்வீஸ் கடைக்காரனின் மடல்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற போலீஸ் அதிகாரிகளுக்கும், வங்கியிலிருந்து வருகிறவர்களுக்கும், அந்த வகுப்புக்கு மைக் செட் முதல் மோர் வரை ஏற்பாடு செய்கிற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் போகிற வழியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வடக்கே ரப்பர், தெற்கே கடல். அதனால் என் மேசைக்கு வருகிற போன்களும் இரண்டு வகை. ஒன்று, ரப்பர் பால் ஒட்டிக் காய்ந்தது. இன்னொன்று, உப்புத்தண்ணி குடித்தது. உப்புத்தண்ணி குடித்த போனைப் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் என் பில் புத்தகம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒன்பது புள்ளி அச்சடித்திருக்கும். போனைக் கொடுப்பவர் அந்தப் புள்ளிகளைச் சேர்த்துத் தன்னுடைய பேட்டர்ன் லாக்கை வரைந்துவிட்டுப் போவார். நம்பர் லாக் என்றால் பக்கத்தில் எழுதிவிடுவார். போன வாரம் ஒரு அக்கா வந்தார். வீட்டுக்காரர் துபாயில். அங்கே வாட்சாப் கால் போகாது என்பதால் போட்டிம் ஆப்பில்தான் பேச்சு. போனில் சார்ஜ் ஏறவில்லை. சாயந்தரம் வந்து வாங்கிக்கச் சொன்னேன். ஒன்பது புள்ளியில் ‘ட’ மாதிரி ஒரு கோடு இழுத்தார், “பத்திரமா பாத்துக்கிடுங்க” என்றார், கருங்கல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பிள்ளைகளின் படங்கள், பேங்க் ஆப், வீட்டுக்காரரோடு போட்ட சண்டை, சமாதானம், எல்லாம் அந்த ஒரு ‘ட’வுக்குப் பின்னால் இருக்கிறது. அவருக்கு என்னை எட்டு நிமிடமாகத்தான் தெரியும்.

எந்த தைரியத்தில் கொடுத்தார்? என் முகத்தைப் பார்த்து அல்ல. என் முகம் அப்படி ஒன்றும் நம்பிக்கை தருகிற முகம் இல்லை என்று என் மனைவியே சொல்வாள். கடை ரோட்டோரம் இருக்கிறது, ஷட்டர் திறந்திருக்கிறது, பக்கத்தில் டீக்கடை. அவருடைய நாத்தனார் போனை நான்தான் சரிசெய்தேன். நான் ஏதாவது சில்லறைத்தனம் செய்தால் அன்று சாயந்தரமே புதுக்கடை வரைக்கும் தெரிந்துவிடும், மறுநாள் கடையைத் திறக்க முடியாது. இதெல்லாம் அந்த அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நம்பியது என்னை மட்டுமல்ல, என்னைச் சுற்றி இருக்கிற கண்களையும் சேர்த்துத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சில மாதம் முன்னால் ஒரு கல்லூரியில் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஆம்ப்ளிபயர் வேலையும் பார்ப்பேன். ஒயரை மாற்றிக் கொடுத்தேன். நடுவில் மறுபடி மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று இருக்கச் சொன்னார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நடந்தது உங்கள் வகுப்பு. குறை சொல்ல வரவில்லை, பாதிக்கு மேல் நல்ல வகுப்பு. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையில்லை, போடச் சொன்னால் அது பணம் போகிற வழி என்று சொன்னது நல்ல விஷயம். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது, வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது என்று சொன்னபோது பின்னால் இருந்த பேராசிரியர் ஒருவரே ‘அப்படியா’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் கடைசி ஸ்லைடு. கறுப்பு பின்னணியில் சிவப்பு எழுத்து: ‘இணையத்தில் யாரையும் நம்பாதே! முகம் தெரியாதவர் நண்பர் அல்ல!’ பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்னூறு பேர் இருப்பார்கள். கைதட்டி முடித்ததும் அத்தனை பேரும் போனை எடுத்து முகம் தெரியாத நண்பர்களோடு பேசப் போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கிறேன்.) போனை மேசையில் வைத்தாள்.

“ஃபுல்லா அழிச்சுத் தரணும் அண்ணா. ஒண்ணும் மிஞ்சக் கூடாது.”

“படமெல்லாம் காப்பி எடுக்க வேண்டாமா மக்ளே?”

“ஒண்ணும் வேண்டாம்.”

பதினெட்டு வயதுப் பிள்ளை தன் போனில் ஒரு படம்கூட வேண்டாம் என்று சொன்னால் அது ஃபார்மட் கேஸ் இல்லை. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தெரியும். கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். இன்ஸ்டாகிராமில் ஒரு அக்கா பழக்கம். ஒரு மாதம் தினமும் பேச்சு. சாப்பிட்டியா, பரீட்சை எப்படிப் போச்சு, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு. பிறகு டெலிகிராமுக்குக் கூப்பிட்டு, ஓட்டல்களுக்கு ஸ்டார் போடுகிற பார்ட் டைம் வேலை. முதலில் 150 ரூபாய் வந்தது, பிறகு 400 வந்தது. அப்புறம் ‘டாஸ்க் திறக்க’ இவள் பணம் கட்ட வேண்டும். மூன்று தவணையில் 18,500 ரூபாய். அம்மா சீட்டு எடுத்து ஃபீஸுக்கு வைத்திருந்த பணம்.

“எப்போ?”

“நாலு நாள் ஆச்சு.”

“1930க்கு, அந்த சைபர் கிரைம் உதவி நம்பருக்குப் போன் போட்டியா? அன்னைக்கு கிளாஸ்ல சொன்னாங்களே.”

அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். “கிளாஸ்ல யாரையும் நம்பாதேன்னுதானே சொன்னாங்க அண்ணா. சொல்லியும் நம்பினது என் தப்பு. இனி போய் அவங்ககிட்டயே எப்படிச் சொல்ல?”

ஐயா, அம்மா, உங்கள் கடைசி ஸ்லைடு அவளை ஏமாறாமல் தடுக்கவில்லை, ஏமாந்த பிறகு வாய் திறக்காமல்தான் தடுத்தது.

போனை நான் அழிக்கவில்லை. அழித்திருந்தால் சாட்டும் போயிருக்கும், பணம் போன யுபிஐ ஐடியும் போயிருக்கும், ஸ்கிரீன்ஷாட்டும் போயிருக்கும். பேங்க் மெசேஜில் இருக்கிற அந்த 12 இலக்க எண்ணை அவளே தேடி எடுத்தாள். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து 1930க்குப் பேசினாள், சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தாள். பணம் கிடைத்ததா என்றால், இல்லை. நாலு நாளில் அது எத்தனை கை மாறியதோ.

இப்போது உப்புத்தண்ணி. கடலில் விழுந்த போனோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மூன்று நாள் அரிசியில் புதைத்து வைத்துவிட்டுத்தான் வருவார்கள். ஏன் என்று கேட்டால், அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார், தானாகச் சரியானால் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன் என்பார்கள். அரிசி ஈரத்தைக்கூட ஒழுங்காக எடுக்காது, உப்பையோ தொடவே தொடாது. நடுவில் சார்ஜ் வேறு போட்டுப் பார்த்திருப்பார்கள். திறந்தால் கனெக்டர் எல்லாம் பச்சை. அன்றே சுவிட்ச் ஆஃப் பண்ணிக் கொண்டுவந்திருந்தால் போர்டைக் கழற்றி ஐபிஏ என்கிற ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தே பல போன்களைப் பிழைக்க வைத்திருக்கலாம். 1930 வேலை செய்வதும் அப்படித்தான். உடனே சொன்னால் பணம் போய் நிற்கிற கணக்கை வங்கி மூலமாக நிறுத்தி வைக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று தாவிவிட்டால் பிடிப்பது கஷ்டம். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் ‘உடனே சொல்’ என்பதற்கும் ‘நம்பினவன் முட்டாள்’ என்பதற்கும் ஒரே ஸ்லைடில் இடம் கிடையாது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் அரிசியில்தான் புதைப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முகம் தெரியாதவர் நண்பர் அல்ல என்ற வரியை நான் ஏன் ஏற்றுக்கொள்ள முடியாது என்று சொல்ல வேண்டும்.

2019 கடைசியில் டெலிகிராமில் தமிழ் டெக்னீஷியன்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, சாப்ட்வேர் ஏற்றுவது. போர்டு வேலை என்றால் நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடுவேன். ஒரு நாள் பவர் பட்டனுக்கே அசையாத ஒரு டெட் போனின் படத்தைக் குழுவில் போட்டேன். திண்டுக்கல்காரர் ஒருவர் பதில் போட்டார்: “படம் வேண்டாம் தம்பி. மல்டிமீட்டரை டையோடு மோடில் வச்சு மெயின் லைனை அளந்து என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.” அளந்தேன். பீப் அடித்தது, ஃபுல் ஷார்ட். ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் நோட்டில் பாடம் நடந்தது. ரோசினை, அதாவது பற்றவைக்கப் பயன்படுத்துகிற பிசினை, சூட்டுக்கோலில் வைத்துப் புகையவிட்டு, அந்தப் புகையை போர்டின் மேல் படியவிட வேண்டும். மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் பூத்து நிற்கும். பிறகு பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுத்தால் எந்தக் கெப்பாசிட்டர் ஷார்ட்டோ அது சூடாகும், அதன் தலையில் மட்டும் வெள்ளை உருகிக் கறுப்பாகத் தெரியும். கடுகில் பாதி இருக்கிற கெப்பாசிட்டர் அது. எடுத்துவிட்டு பட்டனை அழுத்தினேன், லோகோ வந்தது. ராத்திரி பன்னிரண்டரை மணிக்குத் தனியாகக் கடையில் நின்று கத்தினேன். அந்த வாய்ஸ் நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அவரை உடனே நம்பிவிட்டேனா? இல்லை. அவரும் என்னை நம்பவில்லை. முதல் மூன்று மாதம் ‘அளந்து சொல்லுங்க’ என்பதைத் தாண்டி எங்களுக்குள் ஒரு பேச்சும் கிடையாது. அப்புறம் ஒரு பழைய மாடலுக்கு ஆடியோ ஐசி கிடைக்காமல் அலைந்தபோது, தன்னிடம் கிடந்த டெட் போர்டைக் கூரியரில் அனுப்பினார். “வேலை முடிஞ்சா 300 ரூபா போடுங்க. முடியலைன்னா போர்டைத் திருப்பி அனுப்புங்க.” அன்று ராத்திரியே 300 ரூபாயோடு கூரியர் செலவையும் சேர்த்துப் போட்டேன். அடுத்த முறை 1,200 ரூபாய் டிஸ்ப்ளே, பணம் பிறகு. அதற்கடுத்து அவருக்கு இங்கிருந்து ஒரு பொருள் தேவைப்பட்டது, அனுப்பினேன். மளிகைக் கடைப் பற்று மாதிரி, சின்னதாக வாங்கிச் சரியாகத் தீர்த்து, பிறகு கொஞ்சம் பெரியதாக வாங்கி என்று போனது. 2020 ஊரடங்கில் இரண்டு பேர் கடையும் பூட்டிக் கிடந்தபோதுதான் வீட்டு விஷயம் பேச ஆரம்பித்தோம். அவர் மகளுக்கு வலிப்பு வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

நேரில் பார்த்தது 2025 பொங்கல் விடுமுறையில். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், ஊரே கன்னியாகுமரியில் நின்றது. படகுத்துறை வரிசையில் தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் போட்டோகூடப் பார்த்ததில்லை. பின்னால் யாரோ பிள்ளையை அதட்டுகிற குரல் கேட்டது. திரும்பாமலே “அண்ணே” என்றேன். வாய்ஸ் நோட்டில் கேட்டுக் கேட்டு அந்தக் குரலை என் தம்பி குரலைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். 2021இல் அதே குழுவில் நானும் ஏமாந்தேன். புதிதாக வந்த ஒருவன், மரியாதையாகப் பேசுவான், எல்லாருக்கும் காலை வணக்கம் போடுவான். ஒரு நாள் தனியாக மெசேஜ் அனுப்பினான்: டிஸ்ப்ளே லாட் வந்திருக்கு, பாதி விலை, “குரூப்ல போட்டா எல்லாரும் அள்ளிருவாங்க அண்ணா, உங்களுக்கு மட்டும் சொல்றேன்.” 7,500 ரூபாய் அட்வான்ஸ். மறுநாள் கணக்கையே காணோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. குழுவில் ரோசின் வித்தை எல்லாம் நானே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளாகிவிட்டேன், போயும் போயும் இப்படி ஏமாந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு மாதம் கழித்து திண்டுக்கல் அண்ணனிடம் தற்செயலாக வாய்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், “தம்பி, உங்களுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு பேர் அவன்கிட்ட போட்டிருக்காங்க. நீங்க அன்னைக்கே குரூப்ல ஒரு வரி போட்டிருந்தா அவங்க தப்பிச்சிருப்பாங்க.”

7,500 ரூபாய் போனது மறந்துவிட்டது. அந்த இரண்டு பேரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையிடம் ‘ஏன் உடனே சொல்லலை’ என்று கேட்க எனக்கே யோக்கியதை இல்லை பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். திண்டுக்கல்காரர் எனக்குச் சொன்னதெல்லாம் முதலில் குழுவில், நானூறு பேர் பார்க்கச் சொன்னது. தப்பாகச் சொன்னால் ‘அண்ணே, அது அப்படி இல்ல’ என்று ஒருத்தன் வருவான். ஏமாற்றினவன் ஒரே ஒரு காரியம்தான் வேறுவிதமாகச் செய்தான்: என்னைத் தனியே கூப்பிட்டான், யாரிடமும் சொல்லாதே என்றான். அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நடந்தது. இன்ஸ்டாவிலிருந்து டெலிகிராம், ‘வீட்ல சொன்னா வேலைக்கு விடமாட்டாங்க, முதல்ல சம்பாதிச்சுக் காட்டு.’ என் கடை ஷட்டர் திறந்திருப்பதால் அந்த அக்கா போனைக் கொடுத்தார். ஷட்டரை இறக்கிவிட்டு, பின்பக்கமாக வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் கொடுத்திருப்பாரா?

பொறுமையாகப் பழகினால் போதும், காலம் காட்டிக்கொடுக்கும் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் குழுவில் மென்பொருள் வேலை பார்க்கிற ஒரு பையன் சொன்ன சம்பவம் ஒன்று. எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன நிரல், கோப்புகளைச் சுருக்கி வைப்பதற்கு. உலகத்தில் எத்தனையோ சர்வர்களுக்குள் அது ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. லாஸ்ஸே காலின் என்பவர் சம்பளமில்லாமல் ஏறக்குறையத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆள் வந்து உதவ ஆரம்பித்தார். யார், எந்த ஊர், ஒருவரா பலரா, இன்றுவரை தெரியாது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தார். 2022இல் வேறு சில பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுங்கள் என்று காலினை நெருக்கின. தனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது என்று அந்த மனிதர் எழுதியிருந்தார், அதற்கும் இரக்கம் காட்டவில்லை. பொறுப்பு ஜியா டான் கைக்கும் போனது. 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில், சர்வர்களுக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைய ஒரு கள்ளக்கதவு இருந்தது.

பிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். அவர் அந்த நிரலைப் பார்த்துக்கொள்பவர்கூட இல்லை. சர்வருக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று எல்லாரும் படிக்கும்படி எழுதிப் போட்டார். எனக்கு அந்த அரை விநாடி ரொம்பப் பிடித்திருந்தது, மல்டிமீட்டரில் 0.02 வித்தியாசத்துக்காக மண்டையை உடைக்கிறவனுக்குப் பிடிக்காமல் என்ன? ஆனால் இங்கே பார்க்க வேண்டியது வேறு. இரண்டு வருட நல்ல பழக்கமும் பொய்யாக இருக்கலாம். தனியாக, களைத்துப்போய் இருந்த ஒருவரைத்தான் குறிவைத்தார்கள். காப்பாற்றியது சந்தேகம் வந்ததும் உரக்கச் சொன்ன ஒரு ஆளும், எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி திறந்து கிடந்த நிரலும். ‘நம்பியது காலினின் தப்பு’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

இந்த மாவட்டத்தில் முகம் தெரியாத நட்பு இன்டர்நெட்டோடு வந்ததும் இல்லை. என் அம்மாவின் தம்பி, மாமா, தூத்தூர் வட்டாரத்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனவர். கொச்சி தொப்பும்படியில் இறங்கி, ஐஸ் ஏற்றி, வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். பேச்சுத்துணை வயர்லெஸ். விஎச்எஃப் செட் ரொம்ப தூரம் எட்டாது. ஒரு படகு கேட்டதை அடுத்த படகுக்குச் சொல்லி, அது அதற்கடுத்ததுக்குச் சொல்லும். குரலை மட்டும் வைத்து வருடக்கணக்கில் பழகிய ஆட்கள் மாமாவுக்கு உண்டு. ஆனால் மீன் நிறையக் கிடைக்கிற பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எங்கே இருக்கிறது என்பதை அவர் லேசில் சொல்ல மாட்டார். முன்பு கரையில் தெரிகிற மலையையும் கோபுரத்தையும் நேர்வைத்து இடம் குறித்தார்கள், பிறகு ஜிபிஎஸ் பாயின்ட் வந்தது. அந்தப் பாயின்ட் பீரோ சாவி மாதிரி. வயர்லெஸ்ஸில் ‘சாப்பாடு ஆச்சா’ எல்லாரோடும் பேசுவார், காற்று மாறினால் எல்லாருக்கும் சொல்லுவார், பாயின்ட்டை இரண்டு பேருக்கு மட்டும் கொடுப்பார். ஏன் அந்த இரண்டு பேர் என்று கேட்டேன். “நான் கொடுத்த இடத்துல மீன் கிடச்சப்போ, எனக்குத் திரும்ப வந்து சொன்னானுவோ. அவ்வளவுதான்.” எதை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்கிற இந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு படித்த மாமாவுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறது ‘வயர்லெஸ்ஸை அணைத்து வை.’

ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30 உங்களுக்கும் மறந்திருக்காது. ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்ட் நாட்கணக்கில் இல்லை. கடையில் ஜெனரேட்டர் ஓட்டினேன், போன் சார்ஜ் போட ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சார்ஜ் ஏறியதும் பார்த்தது வாட்சாப் குழுக்களைத்தான். கடலில் இறந்தவர்கள் என்று பொய்ப் பட்டியல்களும் வந்தன, அது உண்மை. யாரோ எங்கிருந்தோ அடித்த பெயர்களைப் பார்த்து ஒரு வீட்டில் ஒப்பாரியே வைத்தார்கள், ஆள் பிறகு திரும்பி வந்தார். ஆனால் லட்சத்தீவில் ஒதுங்கிய படகு, மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் நிற்கிற படகு என்று முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய படங்களும் அதே வழியில்தான் வந்தன. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே ஒரு பழக்கம் வந்தது: பெயர் மட்டும் வந்தால் அழாதே, படகின் பதிவு எண் தெரிகிற படம் கேள். மாமாவின் படகு எண்ணை நான் அப்படித்தான் பார்த்தேன். அனுப்பியவர் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

எதிர்முனையில் இருக்கிறவனைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டி கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்து, நாள் முழுக்க யாரிடமாவது அன்பாகப் பேசி ஏமாற்றச் சொல்லி அடிக்கிற இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பையன்களும் மாட்டினார்கள். ‘சாப்பிட்டியா’ என்று கேட்ட அந்த ‘அக்கா’ அப்படி ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையனாகக்கூட இருக்கலாம். இப்படி நட்பு வளர்த்துக் கறப்பதற்கு உலகம் முழுக்க ‘பன்றி வெட்டுதல்’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கொழுக்க வைத்து வெட்டுவதாம். 2024 டிசம்பரில் இன்டர்போல், இந்தப் பெயரை விட்டுவிடுங்கள், ஏமாந்தவர்களை இது கேவலப்படுத்துகிறது, வெட்கத்தில் புகார் கொடுக்க வர மாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டது. உலகப் போலீஸே ஒரு வார்த்தையை மாற்றச் சொல்கிறது என்றால் நம் ஸ்லைடை மாற்றக் கூடாதா?

நான் கேட்பது கொஞ்சம்தான். கடைசி ஸ்லைடில் 1930ஐப் பெரியதாகப் போடுங்கள், அதற்குக் கீழே ‘யாரும் திட்ட மாட்டார்கள்’ என்று போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, நிஜமாகவே திட்டக் கூடாது. இதை நான் எழுதுவது ஒரு புகாருக்குத் துணையாகப் போய், ‘படிச்ச பிள்ளைதானே, புத்தி எங்கே போச்சு’ என்ற கேள்வியைப் பக்கத்தில் நின்று கேட்டவன் என்பதால். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. கேட்டவரும் கெட்டவர் இல்லை, அன்றைக்கு அது அவருக்குப் பத்தாவது புகாராக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கை புகார்த் தாளை மெதுவாக மடித்ததை நான் பார்த்தேன்.

படத்தை வைத்து மிரட்டுகிற கேஸ்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். ‘படம் அனுப்பாதே’ என்பதோடு நிறுத்துகிறீர்கள், அனுப்பிவிட்ட பிள்ளை அதற்கு மேல் கேட்கவே கேட்காது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ‘டேக் இட் டவுன்’, மேலே என்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்று இலவச வசதிகள் இருக்கின்றன. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் அனுப்பும். அதில் சேர்ந்திருக்கிற தளங்கள் அதே படம் ஏறினால் கண்டுபிடித்து எடுக்கும். எல்லாத் தளமும் அதில் இல்லை, இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு அது பெரிய பிடி. என் கடையில் மூன்று பேருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அப்புறம், நட்பைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள். நல்ல நட்பு எப்படி வளரும் என்று. மாமாவின் ஜிபிஎஸ் பாயின்ட் கதையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி வேண்டாம். தனியே கூப்பிட்டு ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவன் சொன்னால், அவன் கெட்டவன் என்று முடிவுகட்ட வேண்டாம், வேறு ஒரே ஒரு ஆளிடம் அதைச் சொல்லிப் பார் என்று சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு ஆளாக ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு ஆசிரியராவது இருக்க முடியுமா என்று பாருங்கள். இப்போதைக்கு அந்த ஆள் மொபைல் கடைக்காரனாக இருக்கிறான். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் கடையில் ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த வகுப்பு எங்கே, எப்போது என்று சொன்னால் ஸ்பீக்கர் ரிப்பேர் இல்லாவிட்டாலும் வருகிறேன். ஞாயிறு, திங்கள் மட்டும் வேண்டாம், வெளியூர் போய் வருகிறவர்களின் போன்கள் குவிகிற நாட்கள். அந்தப் பிள்ளையிடமும் கேட்டேன். வருகிறாளாம். பேசுவாளா என்றால், அது அன்றைக்குப் பார்த்துக்கலாம் அண்ணா என்றாள்.

இப்படிக்கு,
புதுக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்காரன்